பயா திருவிழா ராட்சத ராட்டினம்: நம்ம மக்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

பர்மால ரங்கூன், தன்லின், பெகு பக்கம் பொறந்து வளந்தவங்களுக்கு பயா திருவிழா, அதாவது பகோடா கோயில் திருவிழா பத்தி புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா சென்னைல இருந்தும் மலேசியால இருந்தும் சொந்தக்காரங்க வர்றப்போ எல்லாரும் போன்ல ஒரு வீடியோவை காட்டி "இது நெஜமா, இப்படித்தான் அங்க ராட்டினம் சுத்துதா"ன்னு கேக்குறாங்க, பசங்க குரங்கு மாதிரி மேல ஏறி, மோட்டார் இல்லாம தங்க எடையாலேயே ராட்டினத்தை சுத்த விடுற அந்த வீடியோ தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்கயே எழுதி வச்சிட்டேன். எனக்கு இந்த ராட்டினம்னா உசுரு, அதனால சில பதில் நீளமா போகும்.

இந்த ராட்டினத்துல நெஜமாவே மோட்டார் இல்லையா?

நெஜமாவே இல்ல. பக்கத்துல ஜெனரேட்டர் ஓடும், அது கலர் லைட்டுக்கும் பாட்டு ஸ்பீக்கருக்கும் தான், சக்கரத்தை சுத்த விட ஒரு ஒயர் கூட போகாது. நடுவுல இரும்பு அச்சு, அதை ரெண்டு பக்கமும் தாங்குற கால், அச்சுல இருந்து விரிஞ்சு போற கம்பிங்க, ஓரத்துல தொங்குற தொட்டிங்க, அவ்வளவு தான் மொத்த மெஷினும். அதை ஓட்டுறது நாலஞ்சு பசங்க, பெரிய சக்கரமா இருந்தா பத்து பேருக்கு மேல கூட இருப்பாங்க. ரங்கூன்ல நிரந்தரமா இருக்குற பார்க்ல எல்லாம் கரண்ட்ல ஓடுற ரைடு இருக்கு, அது வேற. நான் சொல்றது திருவிழாவுக்கு திருவிழா லாரில ஏத்திக்கிட்டு போய், மைதானத்துல பூட்டி, முடிஞ்சதும் கழட்டிட்டு அடுத்த ஊருக்கு போற சக்கரம்.

சரி, அப்ப எப்படித்தான் சுத்துது? முதல்ல இருந்து சொல்லுங்க அண்ணே.

முதல்ல ஆளை ஏத்துவாங்க. ஒரு தொட்டி கீழ வந்ததும் ஒருத்தன் ஓரத்தை கட்டிப் புடிச்சு நிறுத்துவான், ரெண்டு பேரோ நாலு பேரோ ஏறுவாங்க, அப்புறம் கையாலேயே தள்ளி அடுத்த தொட்டியை கீழ கொண்டு வருவாங்க. இதுல ஒரு கணக்கு இருக்கு, வரிசையா பக்கத்து பக்கத்து தொட்டியை நிரப்ப மாட்டாங்க, இந்த பக்கம் ஒரு குடும்பத்தை ஏத்துனா அடுத்து நேர் எதிர் தொட்டில ஏத்துவாங்க, இல்லேன்னா ஒரு பக்கம் கனம் ஆகி சக்கரம் தானா திரும்ப பாக்கும். குண்டா இருக்குற ஒரு ஆளு வந்தா கீழ நிக்கிற மேஸ்திரி ஒரு பார்வை பாத்துட்டு எந்த தொட்டின்னு கையை காட்டுவாரு. அதை அவமானமா எடுத்துக்காதீங்க, அந்த பார்வைல தான் உங்க பாதுகாப்பே இருக்கு.

எல்லாரும் ஏறினதும் பசங்க செருப்பை கழட்டி அடில போட்டுட்டு, லுங்கியா இருந்தா தார்ப்பாய்ச்சி இழுத்து சொருகிட்டு, கம்பி வழியா விறுவிறுன்னு மேல ஏறுவாங்க. கிட்ட நின்னு பாருங்க, கை புடிக்கிறதுக்கு முன்னாடியே கால் புடிச்சிடும், கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல கம்பியை குடுத்து இறுக்கிட்டு தான் அடுத்த கையை எடுப்பான். உச்சிக்கு போய் எல்லாரும் ஒரே பக்கமா சாய்வாங்க. ஒரு குரல் வரும், அந்த குரலோட எல்லாரும் சேந்து வெளிப்பக்கமா எடையை போடுவாங்க. சக்கரம் மொதல்ல யோசிக்கிற மாதிரி லேசா அசையும், அப்புறம் அவங்க பக்கவாட்டுக்கு வந்ததும் சரசரன்னு வேகம் எடுத்துடும். கீழ வர்றப்போ ஒவ்வொருத்தனா தரையில குதிச்சு ஓடி விலகிடுவான். சிலபேர் விலகாம ஓரக் கம்பியை புடிச்சு இன்னொரு இழுப்பு இழுத்து விடுவாங்க, இன்னும் சில பேர் தொங்கிக்கிட்டே ஒரு சுத்து மேல போயிட்டு வருவாங்க, கூட்டம் விசில் அடிக்கிறது அதுக்குத்தான்.

ஆறு பசங்க எடை எப்படி அத்தனை ஆளையும் அவ்வளவு வேகமா சுத்துது?

இது தான் எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி. நம்ம தாத்தா காலத்துல கெணத்துல தண்ணி இறைக்க ஏத்தம் மிதிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, மேல மரத்துல ஒரு ஆளு முன்னாடியும் பின்னாடியும் நடப்பாரு, அவர் எடை மாறுறதுல சால் மேல வரும். இங்க நடக்குறதும் அதே வேலை தான், மரம் மட்டும் வட்டமா இருக்கு.

முக்கியமா புரிஞ்சிக்க வேண்டியது என்னன்னா தொட்டில இருக்குற ஆளுங்களை பசங்க தூக்கவே இல்ல. ஒரு பக்கம் ஏறுற தொட்டியோட கனத்தை எதிர் பக்கம் இறங்குற தொட்டி சரி பண்ணிடுது, அதுக்குத்தான் எதிர் எதிரா ஏத்துனது. அப்ப பசங்க செய்ய வேண்டியது எல்லாம் நிக்கிற கனத்தை நகர வைக்கிறது, அச்சு உராய்வை ஜெயிக்கிறது, இது ரெண்டு தான்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம், எல்லா சக்கரமும் ஒரே அளவு இல்ல, அதனால ஒரு உதாரணமா எடுத்துக்கோங்க. ஆரம் 4 மீட்டர், அதாவது மேல இருந்து கீழ வரைக்கும் 8 மீட்டர். 50 கிலோ பையன் ஒருத்தன் 8 மீட்டர் இறங்குனா கிடைக்கிற சக்தி 50 பெருக்கல் 9.8 பெருக்கல் 8, கிட்டத்தட்ட 3,900 ஜூல். ஆறு பேர் சேந்து இறங்குனா 23,500 ஜூல். ஓரத்துல இரும்பு, தொட்டி, ஆளு எல்லாம் சேத்து 1,200 கிலோ இருக்குன்னு வைங்க, அதை நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்துல ஓட வைக்க 15,000 ஜூல் போதும். பசங்களும் கூடவே நகர்றாங்க, அவங்களுக்கு இன்னொரு 3,700 சொச்சம். மிச்சம் உராய்வுக்கு போகுது. ஆக ஒரே ஒரு இறக்கம், சக்கரம் முழு வேகத்துக்கு வந்துடும்.

உச்சில நேரா நிக்கும்போது எடைக்கு வேலை இல்ல, ஏன்னா எடை நேரா அச்சு மேல விழுது. அச்சுக்கு பக்கவாட்டுல, படுக்கை மட்டத்துக்கு வர்றப்போ தான் திருப்புற விசை உச்சத்துல இருக்கும். மொதல்ல மெதுவா அசைஞ்சு பாதி வழில திடீர்னு வேகம் எடுக்குறது அதனால தான். பசங்க வெளிப்பக்கமா தொங்குறதும் அதுக்குத்தான், அச்சுல இருந்து எவ்வளவு தூரம் தள்ளி எடை விழுதோ அவ்வளவு நல்லது. பள்ளிக்கூடத்துல இதை யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல, ஆனா எந்த கம்பில எப்ப இருக்கணும்னு உடம்புக்கு தெரிஞ்சிருக்கு, அதை பாக்க எனக்கு அலுக்கவே மாட்டேங்குது.

எப்படி நிறுத்துவாங்க? பிரேக் இருக்கா?

கார்ல இருக்குற மாதிரி பிரேக் கிடையாது. சில சக்கரத்துல ஓரத்துல பலகையை அழுத்தி உரச விடுவாங்க, சிலதுல கயிறு. பெரும்பாலும் பசங்க தான் பிரேக். மேல ஏறிப்போற பக்கம் ஓரத்தை புடிச்சு தொங்குவாங்க, சக்கரம் அவங்களை தூக்க பாக்கும், அந்த தூக்குற வேலைல வேகம் குறையும். ஒருத்தன் புடிச்சு ரெண்டு எட்டு இழுபட்டு விடுவான், அடுத்தவன் புடிப்பான். ஓட்டி விடுறதை விட நிறுத்துறது தான் ஆபத்து, ஏன்னா அப்ப சக்கரம் முழு வேகத்துல இருக்கு, கை நழுவுனா இரும்பு வந்து அடிக்கும். அதனால சக்கரம் முழுசா நிக்கிற வரைக்கும் தொட்டில இருந்து எந்திரிக்கவே கூடாது, கீழ வந்துடுச்சேன்னு ஒரு காலை வெளிய வைக்கிறவங்களை பாத்தா எனக்கு நெஞ்சு பதறும்.

மேல இருந்து இறங்கும்போது வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதே, அது என்ன?

எடை குறையுது, அதான். வட்டமா சுத்துற எதுவும் நடுவை நோக்கி இழுபடணும், உச்சில அந்த இழுப்பை உங்க எடையே குடுக்குது, அதனால சீட்டு உங்களை தாங்குறது குறைஞ்சு போயிடுது. அதே 4 மீட்டர் ஆரம், ஒரு சுத்துக்கு 5 நொடின்னா, 60 கிலோ ஆளு உச்சில 21 கிலோ மாதிரி உணர்வாரு, அடில வர்றப்போ 99 கிலோ மாதிரி அழுத்தும். இன்னும் கொஞ்சம் வேகமா, 4 நொடிக்கு ஒரு சுத்துன்னு வந்துடுச்சுன்னா உச்சில எடை கிட்டத்தட்ட பூஜ்யம், உடம்பு சீட்டை விட்டு எழும்ப பாக்கும், அடில ரெண்டு மடங்கு. ஒரே ஒரு நொடி வித்தியாசம், ஆனா அனுபவம் தலைகீழா மாறிடுது. பசங்க கிட்ட "இன்னும் வேகமா"ன்னு கத்துறவங்க இதை ஞாபகம் வச்சிக்கணும், பெல்ட் இல்லாத தொட்டில உக்காந்து எடை பூஜ்யம் ஆகுற வேகத்தை கேக்குறீங்க.

லண்டன் ஐ 135 மீட்டர் உயரம், ஒரு சுத்து வர அரை மணி நேரம் ஆகும், அதுல வயித்துல ஒண்ணுமே தெரியாது, ஊரை வேடிக்கை பாக்கலாம். நம்ம சக்கரம் உயரத்துல அதோட கால் விரல் அளவு கூட வராது, ஆனா பயத்துல அதை தூக்கி சாப்பிட்டுடும். ரைடுல உயரம் முக்கியம் இல்ல, சின்ன வட்டத்துல வேகமா சுத்துறது தான் விஷயம்.

எனக்கு தலை சுத்தி வாந்தி வருது, என்ன பண்றது?

காதுக்கு உள்ள மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, அதுல இருக்குற திரவம் அசையிறதை வச்சு தான் மூளைக்கு நாம திரும்புறோம்னு தெரியுது. காது ஒண்ணு சொல்லி கண்ணு வேற ஒண்ணு சொன்னா குமட்டல் வரும். அதனால தொட்டிக்குள்ள குனிஞ்சு போனை பாக்காதீங்க, கண்ணை மூடுறதை விட தூரத்துல அசையாம இருக்குற எதையாவது பாக்குறது நல்லது, பயா உச்சில லைட்டு எரியும் பாருங்க, அது சரியான இடம். அத்தோ, மொஹிங்கா மாதிரி நூடுல்ஸ் எல்லாம் இறங்கி வந்து சாப்பிடுங்க, திருவிழால நேரா சாப்பாட்டு கடைக்கு போயிட்டு அப்புறம் ராட்டினம் ஏறுறவங்க தான் அதிகமா கஷ்டப்படுறாங்க. வெறும் வயிறும் வேணாம்.

மோட்டார் ஒண்ணு வச்சிட்டா போச்சே, ஏன் வைக்கல?

கரண்ட் தான் மொத காரணம், கிராமத்து மைதானத்துல நம்பி ஓட்டுற அளவுக்கு கரண்ட் கிடையாது, டவுன்லயே போயிட்டு போயிட்டு வருது. டீசல் இஞ்சின் வச்சா எண்ணெய் செலவு, கியர் பெட்டி, அது ரிப்பேர் ஆனா பாக்க ஆளு. இந்த சக்கரத்துல எது ஒடஞ்சாலும் பக்கத்து ஊர் வெல்டிங் கடைல சரி பண்ணிடலாம். அதோட ஒண்ணு, சனம் பாதி பேர் ஏறுறதுக்கு வரல, பசங்க ஏறுறதை பாக்க வர்றாங்க. மோட்டார் போட்டா அந்த கூட்டம் நிக்காது, முதலாளிக்கு அது நல்லா தெரியும்.

இது பர்மால மட்டும் தான் இருக்கா?

எனக்கு தெரிஞ்சு இப்ப இவ்வளவு பெருசா, இவ்வளவு பரவலா இருக்குறது இங்க தான். ஆனா ஆளு கையால சுத்துற ராட்டினம் உலகத்துலயே பழசு, மோட்டார் தான் புதுசு. 1615-ல பியெத்ரோ டெல்லா வல்லேன்னு ஒரு இத்தாலி பயணி இஸ்தான்புல்ல ரம்ஜான் விழால பெரிய சக்கரத்துல ஏறி இருக்காரு, தனக்கு சந்தோஷமா இருந்துச்சு, பக்கத்துல இருந்த கிரேக்க ஆளு தாங்க முடியாம போதும் போதும்னு கத்துனாருன்னு எழுதி வச்சிருக்காரு. 400 வருஷம் ஆச்சு, நம்ம மைதானத்துலயும் தினமும் அதே கத்தல் தான். 1620-ல பீட்டர் மண்டிங்கிற ஆங்கிலேயர் இப்ப பல்கேரியால இருக்குற ப்லோவ்டிவ் ஊர்ல இந்த மாதிரி சக்கரத்தை பாத்து எழுதினாரு.

அப்புறம் தான் 1893-ல சிகாகோ உலகக் கண்காட்சில ஜார்ஜ் ஃபெரிஸ் 80 மீட்டர் உயரத்துக்கு நீராவி இஞ்சின் வச்ச சக்கரத்தை கட்டினாரு, 36 பெட்டி, ஒரு பெட்டிக்கு 60 பேர், ஒரே நேரத்துல 2,160 பேர். அவர் பேர் தான் இன்னைக்கு வரைக்கும் நிக்குது. ஆனா அந்த சக்கரம் 1906-ல வெடி வச்சு தகர்க்கப்பட்டுச்சு. ஊர் ஊரா கழட்டி எடுத்துட்டு போற சக்கரத்தை கொண்டு வந்தவரு டபிள்யூ. இ. சல்லிவன்னு ஒருத்தர், இலினாய்ஸ் மாநிலத்துல 1900-ல. திருவிழா ராட்டினத்துக்கு ஃபெரிஸை விட அவரு தான் கிட்டத்து சொந்தம்னு நான் சொல்வேன்.

தமிழ்நாட்டு கோயில் திருவிழாலயும் கையால சுத்துற சின்ன மர ராட்டினம் இருந்துச்சு, நம்ம பெரியவங்க கப்பல் ஏறி வந்தப்போ விட்டுட்டு வந்த ஊர்ல பாத்தது அது தான்.

எப்ப, எங்க போனா பாக்கலாம்?

மழைக்காலத்துல, பௌத்தர்களோட வஸ்ஸாங்கிற மழைக்கால நோன்பு மாசங்கள்ல, பண்டிகை குறைவு, சக்கரமும் ஒரு மூலைல கெடக்கும். அக்டோபர்ல தடின்ஜுட் விளக்குப் பண்டிகை வந்ததுல இருந்து சீசன், ஏப்ரல் வரைக்கும் ஏதாவது ஒரு ஊர்ல ஓடிக்கிட்டே இருக்கும். நவம்பர் பௌர்ணமிக்கு ஷான் மாநிலத்துல தௌன்ஜி பலூன் திருவிழா, இந்த மாதிரி வீடியோ நிறைய அங்க எடுத்தது தான், ராத்திரி குளிர் அடிக்கும், ஸ்வெட்டர் எடுத்துட்டு போங்க. பகான் ஆனந்தா பயா திருவிழா டிசம்பர் ஜனவரில, பெகு ஷ்வேமாடோ பயாவுக்கு ஏப்ரல்ல. பௌர்ணமி கணக்குல தான் வரும், அதனால வருஷா வருஷம் தேதி மாறும்.

2020 கொரோனாலயும் 2021-லயும் நிறைய திருவிழா நடக்கவே இல்ல, இப்பவும் ஊருக்கு ஊர் நிலவரம் வேற. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல இருக்குற நம்ம ஆளு யாருக்காவது போன் போட்டு நடக்குதா, ராத்திரி வெளிய இருக்கலாமான்னு கேட்டுக்கோங்க.

அந்த பசங்களுக்கு அடிபடாதா?

படும். இதை மழுப்ப எனக்கு மனசு வரல. ராட்டினத்தை பத்தி பேசுறவங்க எல்லாம் ஏறுறவங்க பாதுகாப்பை தான் கேக்குறாங்க, ஆனா ஒரு ராத்திரில ஒருத்தன் எத்தனை தடவை மேல ஏறி இறங்குறான்னு பாருங்க, பெல்ட் இல்ல, கயிறு இல்ல, கீழ மெத்தை இல்ல, கால்ல செருப்பு கூட இல்ல. உள்ளங்கைல தோல் உரிஞ்சு காச்சு போயிருக்கும். முழங்கால், முட்டி, கணுக்கால், இதுல எதுலயாவது பழைய காயம் இல்லாத பையனை நான் பாத்ததில்ல. குதிக்கிறது கொஞ்சம் தாமதம் ஆனா அடுத்த தொட்டி வந்து தலைல அடிக்கும்.

ரொம்ப கவலையான விஷயம், சில இடத்துல ரொம்ப சின்ன பசங்க ஏறுறாங்க. 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களை ஆபத்தான வேலைல வைக்கக் கூடாதுன்னு சொல்ற ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 182-ஆம் ஒப்பந்தத்தை பர்மா 2013-லயே ஏத்துக்கிச்சு. பத்து மீட்டர் உயரத்துல சுத்துற இரும்புல தொங்குறது ஆபத்தான வேலை இல்லேன்னா வேற எது? அதனால சின்னப் பையன் ஏறுற சக்கரத்துக்கு நான் டிக்கெட் வாங்க மாட்டேன், பக்கத்துல பெரிய ஆளுங்க ஓட்டுற சக்கரம் இருந்தா அதுக்கு போவேன், முதலாளி கிட்ட காரணத்தையும் சொல்லிட்டு தான் போவேன். மேல ஏறுறவனுக்கு இடுப்புல ஒரு பெல்ட்டும் கம்பில மாட்ட ஒரு கொக்கியும் குடுக்க பெருசா செலவு ஆகாது, இறங்குறப்போ கழட்டிக்கலாம். அடில குதிக்கிற இடத்துல ரெண்டு லோடு மணல் கொட்டலாம், வைக்கோல் மூட்டை போடலாம். இதெல்லாம் செஞ்சாலும் வேடிக்கை ஒரு துளி கூட குறையாது.

ஆட்டம் முடிஞ்சதும் பசங்க கைல நேரா கொஞ்சம் கியாட் (பர்மா காசு) குடுங்க. டிக்கெட் காசு பெரும்பாலும் முதலாளி பெட்டிக்கு தான் போகுது. ஆனா ஏறுறதுக்கு முன்னாடி காசை காட்டி "அந்தர் பல்டி அடி"ன்னு கேக்காதீங்க, உங்க அம்பது நொடி வீடியோவுக்கு ஒரு பையன் எலும்பை பணயம் வைக்க வேணாம்.

நான் ஏறலாமா? எதை பாத்து முடிவு பண்றது?

ஏறலாம், நான் ஏறுவேன், ஆனா வந்ததும் ஏற மாட்டேன். மொதல்ல ரெண்டு ஆட்டம் கீழ நின்னு பாருங்க. சக்கரம் சுத்துறப்போ முன்னாடியும் பின்னாடியும் ஆடுதா? தாங்குற கால் அடில பலகை போட்டு மட்டம் பண்ணி இருக்காங்களா, இல்ல ஈர மண்ணுல நேரா நிக்குதா? கால் ஒவ்வொரு சுத்துக்கும் மண்ணுக்குள்ள எறங்கி ஏறுச்சுன்னா வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

அப்புறம் தொட்டி தொங்குற கொண்டியை பாருங்க. ஒரு தொட்டிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஆணி, அந்த ஆணி வெளிய வராம இருக்க குறுக்க ஒரு பின் இருக்கணும். நல்லா வச்சிருக்குறவங்க கிட்ட அந்த பின் கம்பி வளைஞ்சு கிரீஸ் பட்டு கறுப்பா இருக்கும், அதுக்கு பதிலா சணல் கயிறோ பிளாஸ்டிக் கயிறோ கட்டி இருந்தா அந்த பக்கமே போகாதீங்க. சத்தமும் கேளுங்க, ஒரே சீரா கிரீச்னு வந்தா எண்ணெய் பத்தல, அது பரவால்ல, ஆனா சுத்துக்கு ஒரு தடவை டக்குன்னு ஒரு அடி விழுதுன்னா எங்கயோ போல்ட் லூசா இருக்கு.

கடைசியா பசங்களை பாருங்க. ஏறுறதுக்கு முன்னாடி குரல் குடுத்து எல்லாரும் பதில் சொல்றாங்களா, தொட்டிக்கு முன்னாடி இருக்குற கம்பியை ஒருத்தன் ஒவ்வொண்ணா இழுத்து பாக்குறானா, யாராவது குடிச்சிருக்காங்களா. ராத்திரி ரொம்ப நேரம் ஆனப்புறம் பசங்க களைச்சு போயிருப்பாங்க, அதனால சாயங்காலம் இருட்டுற நேரத்துல ஏறுறது தான் என் பழக்கம்.

சின்னப் பிள்ளைங்களை ஏத்தலாமா?

கைக்குழந்தையை மடில வச்சிக்கிட்டு ஏறாதீங்க, உச்சில எடை குறையிறப்போ உங்க கை மட்டும் தான் பிள்ளையை புடிச்சிருக்கும். முன்கம்பி நெஞ்சுக்கு கீழ வர்ற அளவுக்கு வளந்த பிள்ளைன்னா ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல உக்கார வைங்க. குட்டிங்களுக்கு குடை ராட்டினம் பக்கத்துலயே இருக்கும். கர்ப்பிணி, இதயக் கோளாறு, கழுத்து முதுகு ஆபரேஷன் பண்ணவங்க ஏற வேணாம், இதுல பேச்சே இல்ல.

சேலை, துப்பட்டா, லுங்கி?

எல்லாம் சரி, தொங்காம இருக்கணும். முந்தானையை இடுப்புல சொருகுங்க, துப்பட்டாவை கழட்டி பையில வைங்க, நீள முடியை கொண்டை போடுங்க. சுத்துற அச்சும் கொண்டியும் துணியை இழுத்துச்சுன்னா பிரேக் இல்லாத சக்கரத்தை ஒரே நொடில நிறுத்த யாராலயும் முடியாது.

வீடியோ எடுக்கலாமா?

கீழ இருந்து எடுங்க, அழகா வரும், பக்கவாட்டுல நின்னு எடுத்தா பசங்க சாயிறது தெரியும். தொட்டில இருந்து எடுக்காதீங்க, கை நழுவுனா கீழ நிக்கிறவன் தலைல போன் விழும். செல்பி குச்சி கண்டிப்பா வேணாம்.

மத்த சுத்துற ரைடை விட இது பயமா?

பயம் வேற வேற மாதிரி. 1940-கள் கடைசில ஜெர்மனில எர்ன்ஸ்ட் ஹாஃப்மைஸ்டர் கண்டுபிடிச்ச ரோட்டர்னு ஒண்ணு இருக்கு, பெரிய பீப்பாய்க்குள்ள சுவத்துல சாஞ்சு நிப்பீங்க, வேகம் ஏறினதும் தரை கீழ எறங்கிடும், நீங்க சுவத்துல ஒட்டிக்கிட்டு நிப்பீங்க. அதோட பேரப்பிள்ளை 1983-ல வந்த கிராவிட்ரான், நிமிஷத்துக்கு 24 சுத்து, உங்க எடை மூணு மடங்கா அழுத்தும், கையை தூக்கவே கஷ்டமா இருக்கும். 1972-ல ஷ்வார்ட்ஸ்கோஃப் கம்பெனி கொண்டு வந்த என்டர்பிரைஸ் படுக்கையா சுத்த ஆரம்பிச்சு அப்படியே எந்திரிச்சு நிக்கும், நீங்க தலைகீழா போவீங்க. அழுத்தம்னு பாத்தா அதெல்லாம் நம்ம சக்கரத்தை விட ரொம்ப அதிகம்.

ஆனா அங்க வேகம் ஒரே சீரா ஏறும், சீரா இறங்கும், எப்ப என்ன ஆகும்னு மெஷினுக்கு தெரியும். இங்க ஒவ்வொரு ஆட்டமும் வேற. ஆளு நிறைய ஏறினா ஒரு வேகம், பசங்க உற்சாகமா இருந்தா ஒரு வேகம், ஸ்பீக்கர்ல பாட்டு மாறினா கூட வேகம் மாறும். உங்க தொட்டிக்கு பக்கத்துலயே ஒரு பையன் கம்பியை புடிச்சு தொங்கிக்கிட்டு போவான், அவன் மூச்சு வாங்குறது உங்களுக்கு கேக்கும். உலகத்துல எந்த பார்க்லயும் அது கிடைக்காது, என்னை கேட்டா எல்லா ரைடுலயும் இது தான் ஒசத்தி.

மழை தூறுனா ஓட்டுவாங்களா?

நல்ல மேஸ்திரி ஓட்ட மாட்டாரு. ஈரக் கம்பில கால் விரல் நிக்காது, மண்ணு இளகி சக்கரத்தோட கால் எறங்கும். சில இடத்துல கூட்டம் போயிடக் கூடாதுன்னு துணியால துடைச்சிட்டு ஓட்டுவாங்க, அப்படி ஓட்டுனா ஏறாதீங்க, டிக்கெட் வாங்கி இருந்தாலும் காசை திருப்பி கேளுங்க, பெரும்பாலும் குடுத்துடுவாங்க, இல்லேன்னா அதே டிக்கெட்டை நாளைக்கு எடுத்துட்டு வரச் சொல்வாங்க.

லைட்டுக்கு இழுத்த ஒயர் ஈரத்துல கெடந்தா இரும்புக் கம்பிலயே கரண்ட் பாய வாய்ப்பு இருக்கு. மழை விட்ட பிறகும் சக்கரத்து மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒயர் எங்க போகுதுன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, பிள்ளைங்களை கால் பக்கம் போய் சாஞ்சு நிக்க விடாதீங்க.